யூரிக் அசிட் 7.8: நண்டை விடுவதா, வயிற்றைக் குறைப்பதா, குளிசை போடுவதா?

ஐம்பதைத் தொட்டவர்கள் பரிசோதனைத் தாளோடு கடைக்கு வந்தால் முந்தியெல்லாம் சீனியும் கொலஸ்ட்ரோலும்தான் பேச்சு. இப்போது யூரிக் அசிட்டும் சேர்ந்துவிட்டது. தாளில் 7.8 என்று தடித்த எழுத்தில் இருக்கும், காலில் ஒரு வீக்கமும் இராது, ஆனாலும் ஆளுக்குப் பயம் பிடித்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் நண்டையும் இறாலையும் விடச் சொல்வார், கனடாவில் இருக்கிற மகன் வட்ஸ்அப்பில் "வயித்தைக் குறையுங்கோ அப்பா" என்பான், இன்னொருவர் தான் போடுகிற குளிசையின் பெயரை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிடுவார். யாழ்ப்பாணத்தில் மருந்துக்கடையில் நிற்கிறேன், அந்தத் துண்டு கடைசியில் என் மேசைக்குத்தான் வரும்.

மூன்று யோசனையிலும் உண்மை இருக்கிறது. ஆனால் தாளில் உள்ள எண்ணை இறக்குவது ஒரு வேலை, மூட்டு வலி வராமல் தடுப்பது வேறு வேலை, மாரடைப்பு வராமல் காப்பது இன்னொரு வேலை. எது எந்த வேலைக்கு உதவும் என்று பார்க்காமல் எதையாவது பிடித்துக்கொண்டால் காசும் போகும், வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டதும் போகும், இதயம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

முதலில் சுருக்கமாக அடிப்படை. பியூரின் என்ற பொருள் உடைந்து கடைசியில் யூரிக் அசிட் ஆகிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நம்முடைய சொந்த உடற்கலங்கள் அழிந்து புதுப்பிக்கப்படும்போது வருவது, மூன்றில் ஒன்றுதான் சாப்பாட்டில் இருந்து. வெளியே போவதில் மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகம் வழியாக, மிச்சம் குடல் வழியாக. பெரும்பாலான மிருகங்களுக்கு அதை மேலும் உடைக்கிற யூரிகேஸ் என்ற நொதியம் இருக்கிறது, மனிதருக்கு இல்லை. இரத்தத்தில் டெசிலீற்றருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் அது பளிங்காகப் படியத் தொடங்கலாம். அதனால்தான் ஆண்களுக்கு 7 என்று எல்லை போடுகிறார்கள், பெண்களுக்கு வழமையாகவே குறைவாக இருப்பதால் 6. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு இது தானாகவே ஏறும். உங்கள் தாளில் 400, 460 என்று பெரிய எண் இருந்தால் பதற வேண்டாம், அது மைக்ரோமோல் கணக்கு, ஏறத்தாழ 60ஆல் பிரித்துப் பாருங்கள்.

சரி, நண்டுக்கு வருவோம். நம் ஊரில் யூரிக் அசிட் என்றதும் முதலில் தண்டனை கிடைப்பது நண்டும் இறாலும் மீனும் போட்டுக் காய்ச்சுகிற ஒடியல் கூழுக்குத்தான். கடலுணவுக்கும் இறைச்சிக்கும் கவுட்டோடு, அதாவது யூரிக் அசிட் பளிங்கு மூட்டில் படிந்து வருகிற வீக்கம், வலியோடு, தொடர்பு இருப்பது உண்மை. அமெரிக்காவில் 47,000க்கு மேற்பட்ட ஆண்களைப் 12 வருடம் தொடர்ந்து பார்த்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சி அதிகமாகச் சாப்பிட்ட பிரிவினருக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களை விட 41 சதவீதமும் கடலுணவு அதிகமாகச் சாப்பிட்டவர்களுக்கு 51 சதவீதமும் கவுட் ஆபத்து கூடுதலாக இருந்தது. பால் உணவு கூடுதலாக எடுத்தவர்களுக்கு ஆபத்து குறைவு. பியூரின் உள்ள மரக்கறிகளுக்கு ஒரு தொடர்பும் தெரியவில்லை. ஆகவே பருப்பு, பயறு, முருங்கையிலை, கீரை எல்லாவற்றையும் பயந்து விட்டவர்கள் தாராளமாகத் திரும்பச் சாப்பிடலாம். மெய்யாகக் குறைக்க வேண்டியது ஈரல், குடல், இரத்த வறை, அடிக்கடி சாப்பிடும் ஆட்டிறைச்சி, நெத்தலி, சூடை. வருடத்தில் சில தரம் குடும்பத்தோடு உட்கார்ந்து குடிக்கிற கூழ் அந்தப் பட்டியலில் மேலே வருவதில்லை, கவுட் வந்து அடங்கிக்கொண்டிருக்கிறவர் மட்டும் கொஞ்சம் ஒதுங்கியிருக்கட்டும்.

ஆனால் இந்த வழியின் எல்லை சிறியது. பியூரினை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினாலும் எண் 1 அளவுதான் இறங்கும். 7.8 இருந்தவர் 6.8க்கு வருவார், அவ்வளவுதான். நல்லூர்த் திருவிழா 25 நாளும் மீன், இறைச்சி என்று மச்சம் தொடாதவர்கள் எத்தனையோ பேர் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த நாட்களில் இலையில் என்ன நிறைகிறது என்று பாருங்கள்: சோறு ஒரு குவியல், வடை, பாயாசம், வெயிலுக்கு ஒரு சோடா, கோயிலால் வரும்போது ஐஸ்கிறீம். "தம்பி, ஒரு மாசம் மச்சமே தொடேல்லை, ஏன் இது இறங்கேல்லை?" என்று கேட்பவருக்கு விடை அங்கேதான் இருக்கிறது. சீனியில் பாதி பிரக்டோஸ். அது ஈரலில் கரையும்போது கலங்களின் சக்திப் பொருள் சட்டென்று செலவாகி, உடைந்து, யூரிக் அசிட் ஆகிறது. அதே ஆண்களை வைத்து 2008இல் பார்த்தபோது, தினமும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இனிப்பு மென்பானம் குடித்தவர்களுக்கு, மாதத்துக்கு ஒன்றுகூடக் குடிக்காதவர்களை விட 85 சதவீதம் கூடுதலாகக் கவுட் ஆபத்து. ஆக நண்டை விட்டுவிட்டுச் சோடாவைப் பிடிப்பது நட்டக் கணக்கு. போத்தலில் வருகிற நெல்லி ரசமும் திராட்சை ரசமும் உடம்புக்கு நல்லது என்று நினைத்துக் குடிக்கிறோம், அதிலும் சீனிதான் நிறைய. நெல்லிக்காயை அப்படியே கடித்துச் சாப்பிடுங்கள். மது வகைகளில் பியருக்குத்தான் கவுட்டோடு தொடர்பு மிகக் கூட. அதில் மதுவோடு பியூரினும் இருக்கிறது. சாராயம் அடுத்த இடம். கள்ளும் நொதித்த பானம்தான், பனையில் இருந்து வருகிறது என்பதற்காக அதை மருந்தாக நினைக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எண்ணுக்குப் பயந்து மீனையே முழுதாக விட்டுவிட்டு அந்த இடத்தில் பொரித்த கோழியையும் ரோல்ஸையும் வைத்தால் இதயத்துக்கு அது பின்னடைவு. கவுட் வராதவர் கிழமைக்கு இரண்டு தரம் பாரையோ விளைமீனோ அளவாகச் சொதியில் போட்டுச் சாப்பிடுவதை நான் தடுக்கவே மாட்டேன்.

இனி வயிறு. நான் இந்தப் பக்கம்தான் நிற்கிறேன், ஏன் என்று சொல்கிறேன். வயிற்றில் கொழுப்புச் சேரச் சேர இன்சுலின் சரியாக வேலை செய்யாது, அதனால் உடம்பு இன்னும் கூடுதலாக இன்சுலினைச் சுரக்கும். அந்தக் கூடுதல் இன்சுலின் சிறுநீரகத்திடம் உப்பையும் யூரிக் அசிட்டையும் வெளியே விடாமல் திரும்ப உள்ளே எடுக்கச் சொல்கிறது. பிரஷர், சீனி, ட்ரைகிளிசரைட் என்ற இரத்தக் கொழுப்பு, யூரிக் அசிட் எல்லாம் ஒரே ஆளின் தாளில் ஒன்றாக ஏறி நிற்பது இதனால்தான். அப்படியானால் யூரிக் அசிட் இதயத்தைக் கெடுக்கிறதா, அல்லது வயிறுதான் இரண்டையும் கெடுக்கிறதா? இதைப் பிரித்துப் பார்க்க டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் பல ஆயிரம் பேரின் மரபணுவை வைத்து ஓர் ஆய்வு செய்து 2013இல் வெளியிட்டார்கள். பிறப்பிலேயே யூரிக் அசிட் கூடுதலாக இருக்கிற மரபணு உள்ளவர்களுக்கு அதனால் மாரடைப்பு கூடியதாகத் தெரியவில்லை. உடற்பருமனைக் கூட்டும் மரபணு உள்ளவர்களுக்கோ யூரிக் அசிட் கூடியிருந்தது. என்னைப் பொறுத்தவரை இந்த வாதத்தில் இதுதான் கனமான சாட்சி. எல்லா ஆய்வாளர்களும் ஒரே முடிவில் இல்லை, ஆனாலும் 7.8 என்ற எண்ணைக் கண்டால் வயிற்றைப் பார் என்று சொல்வதற்கு எனக்கு இது போதும்.

பார்ப்பது என்றால் தையல் நாடா எடுத்து அளப்பதுதான். தெற்காசியர்களுக்கு ஆண் என்றால் 90 சென்ரிமீற்றர், பெண் என்றால் 80, அதற்கு மேல் போனால் ஆபத்துக் கணக்கு தொடங்குகிறது. நம்மில் பலர் கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னுக்கு நிற்கிற ஆட்கள், தராசு அவர்களைச் சாதாரணம் என்று காட்டிவிடும். தென்னாபிரிக்காவில் கவுட் உள்ள 13 ஆண்களை 16 கிழமை மாப்பொருள் குறைத்த அளவான சாப்பாட்டில் வைத்தார்கள். மீனையும் அவர்களுக்குத் தடுக்கவில்லை. சராசரியாக 7.7 கிலோ இறங்கியது, யூரிக் அசிட் டெசிலீற்றருக்கு 1.7 மில்லிகிராம் அளவு இறங்கியது, மாதத்தில் இரண்டு தரம் வந்த வலி ஒரு தரத்துக்கும் கீழே போனது. சின்ன ஆய்வுதான், ஆனால் பியூரினை மட்டும் விட்டதால் கிடைக்கிற பலனை விட இது பெரிது. பிரஷருக்காக உருவாக்கிய, மரக்கறியும் பழமும் கொழுப்புக் குறைந்த பாலும் கூடிய சாப்பாட்டு முறையிலும் 7க்கு மேல் இருந்தவர்களுக்கு 1க்கு மேல் இறங்கியது. அதோடு பிரஷரும் சேர்ந்து இறங்கும்.

ஆனால் அவசரம் ஆபத்து. பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்பை எரித்துக் கீற்றோன் என்ற பொருளை உண்டாக்கும், அது யூரிக் அசிட்டை வெளியேற விடாது. கந்தசஷ்டி ஆறு நாளும் தண்ணீரோடு மட்டும் இருப்பவருக்கு எண் இறங்குவதற்குப் பதிலாக ஏறலாம், கவுட் உள்ளவருக்கு விரதத்துக்கு நடுவிலேயே விரல் வீங்கலாம். விரதம் பிடிக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முதலே டொக்டரிடம் சொல்லிவிட்டுப் பிடியுங்கள், தண்ணீரை நிறையக் குடியுங்கள். எடை கிழமைக்கு அரைக் கிலோ இறங்கினால் போதும். அதற்கு இரவுப் புட்டின் அளவும், இரவு பத்து மணிக் கொத்துரொட்டியும், ஒவ்வொரு தேத்தண்ணியிலும் போகிற இரண்டு கரண்டிச் சீனியும்தான் முதலில் தொட வேண்டிய இடங்கள். ஒரு நாளைக்கு நாலு தேத்தண்ணி என்றால் எட்டுக் கரண்டி. பிறகு சந்திக் கடைக்கும் மோட்டார் சைக்கிளில் போகிற பழக்கம். இந்த ஊர் முழுக்கச் சைக்கிளில் ஓடிய ஊர், மேடு பள்ளம் இல்லாத தரை, அந்தச் சைக்கிளை மறுபடி வெளியே எடுக்கலாம்.

கடைசியாகக் குளிசை. அலோபியூரினோல் 1966இல் இருந்து பாவனையில் இருக்கிறது, அதை உருவாக்கிய எலியனும் ஹிச்சிங்ஸும் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள். எண்ணை இறக்குவதில் இதை வெல்ல எந்தச் சாப்பாடும் இல்லை. ஆனால் இதயம்? பிரித்தானியாவில் இதய நோய் உள்ள, கவுட் இல்லாத, 60 வயது தாண்டிய 5,721 பேரில் பாதிப் பேருக்கு அலோபியூரினோல் கொடுத்து ஏறத்தாழ ஐந்து வருடம் பார்த்தார்கள். 2022இல் வெளியான முடிவில், மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது குளிசை போட்டவர்களில் 11.0 சதவீதம், போடாதவர்களில் 11.3 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே அர்த்தம். பெபுக்சோஸ்டாட் என்ற மற்றக் குளிசைக்கு 2018 ஆய்வு ஒன்றில் இதய மரணம் அலோபியூரினோலை விடக் கூடுதலாகத் தெரிந்ததால் அமெரிக்காவில் 2019இல் கடும் எச்சரிக்கை போட்டார்கள். 2020இல் ஐரோப்பிய ஆய்வு அந்தப் பயத்தை உறுதிப்படுத்தவில்லை. இருந்தாலும் இதய நோய் உள்ளவருக்கு அலோபியூரினோல் ஒத்துப்போனால் அதுதான் முதல் தெரிவு. வலியே வராதவருக்கு எண்ணுக்காக மட்டும் குளிசை வேண்டாம் என்பது அமெரிக்க வாதநோய் வைத்தியர்களின் 2020 வழிகாட்டி. யப்பானில் எண் மிகவும் ஏறினால் வலி இல்லாமலேயே கொடுப்பார்கள். நான் முதல் கட்சி.

கவுட் வந்தவர் கதை வேறு. நடு இரவில் பெருவிரல் மூட்டு சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகிற வலி திரும்பத் திரும்ப வருகிறதென்றால் அவருக்குக் குளிசைதான் முன்னுக்கு, வயிறு கூடவே வரட்டும். இலக்கு 6க்குக் கீழே. 100 மில்லிகிராமில், சிறுநீரகம் பழுதானவருக்கு அதற்கும் குறைவாகத் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். தொடங்கிய முதல் மாதங்களில் பழைய பளிங்கு கரையும்போது வலி கூடலாம். அதைக் கண்டு "குளிசை ஒத்துவரேல்லை" என்று விடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன், மனவருத்தமாக இருக்கும், சரியாக அந்த இடத்தில்தான் விடாமல் போட வேண்டும். தோலில் சிவப்புத் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்கு ஓடுங்கள், அது உயிருக்கு ஆபத்தாகலாம்.

அந்த மாதங்களில் வலியைத் தடுக்கக் கொடுக்கிற கொல்சிசின் நம்முடைய கார்த்திகைப்பூச் செடியின் கிழங்கிலும் இருக்கிறது. கொல்சிசின் யூரிக் அசிட்டை இறக்காது, அழற்சியைத்தான் அடக்கும். நாட்பட்ட இதய நோயாளர் 5,522 பேருக்குச் செய்து 2020இல் வெளியான ஆய்வில் தினமும் 0.5 மில்லிகிராம் போட்டவர்களுக்கு மாரடைப்பு போன்றவை குறைந்தன, ஆனால் மாரடைப்பு வந்த கையோடு கொடுத்துப் பார்த்த 2024 ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதைக் கேட்டுவிட்டு யாரும் கிழங்கைத் தோண்டி அவித்துச் சாப்பிட வேண்டாம். அது கொல்லும் நஞ்சு, மருந்துக்கும் மரணத்துக்கும் இடையில் இருக்கிற அளவு மிகச் சிறியது.

குளிசைத் தாளை நீட்டுகிறவரிடம் நான் முதலில் கேட்பது வேறு என்ன மருந்து போடுகிறார் என்று. பிரஷருக்குப் போடுகிற ஹைட்ரோகுளோரோதயசைட்டும், இதயத்துக்குப் போடுகிற சின்ன அஸ்பிரினும் யூரிக் அசிட்டை ஏற்றும். லொசார்டன் என்ற பிரஷர் குளிசை கொஞ்சம் இறக்கும். அடுத்த கிளினிக்கில் இதைக் கேட்டுப் பாருங்கள், டொக்டர் மாற்றித் தரக்கூடும். அஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம், அது இதயத்துக்குச் செய்கிற வேலை பெரிது. கிரியற்றினினும் பார்க்கச் சொல்லுங்கள், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் இந்த எண்ணை வைத்து ஒன்றும் முடிவெடுக்க முடியாது. விரல் வீங்கிய அன்று எடுத்த இரத்தத்தில் யூரிக் அசிட் சாதாரணமாகக் காட்டினால் கவுட் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வலியின்போது அது இறங்கி நிற்பதுண்டு, இரண்டு கிழமைக்கு மேல் போன பிறகு மறுபடி எடுத்துப் பாருங்கள்.