599 ரூபாய்க்கு பால்டர்ஸ் கேட் 3 தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள்

பால்டர்ஸ் கேட் 3 நிஜமாகவே அவ்வளவு நல்ல கேமா என்று என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேர் கூடவே இன்னொன்றும் கேட்கிறார்கள், "ஒருத்தர் 599க்குத் தர்றாராம், வாங்கலாமா?" என்று. முதல் கேள்விக்கு என் பதில், ஆமாம், நல்ல கேம்தான், அதைப் பற்றி எல்லோரும் பேசுகிற பேச்சு வீண் பேச்சு இல்லை. இரண்டாவதற்குப் பதில், வேண்டவே வேண்டாம். நான் வாங்கினேன். காசு போனதுகூடப் பரவாயில்லை, 74 மணி நேரம் ஆடிய ஆட்டம் ஒரே ராத்திரியில் போய்விட்டது. அதே விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நாமே ஒரு கதாபாத்திரமாகி, எடுக்கும் முடிவுகளால் கதையை நகர்த்தும் இந்த கேம் கணினிக்கு வந்தது 2023 ஆகஸ்ட் 3. பெல்ஜியத்தில் கெண்ட் நகரத்தில் இருக்கும் லேரியன் ஸ்டுடியோஸ் செய்தது. அந்த டிசம்பரில் தி கேம் அவார்ட்ஸில் அந்த ஆண்டின் சிறந்த கேம் விருது வாங்கியது, அதோடு கோல்டன் ஜாய்ஸ்டிக், டைஸ், ஜிடிசி, பாஃப்டா, இதையும் சேர்த்து ஐந்து பெரிய விருதுகளையும் ஒரே கேம் அள்ளியது அதுதான் முதல் முறை. யூடியூபைத் திறந்தால் அதுதான், நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் அதுதான். எனக்கும் ஆசை வந்தது. ஆனால் கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் அப்போது விலை 2,999 ரூபாய். ஒரு கேமுக்கு மூவாயிரமா என்று பல மாதம் தள்ளிப் போட்டேன்.

2024 கடைசியில் இன்ஸ்டாகிராமில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. "ஒரிஜினல் ஸ்டீம், லைஃப்டைம், கிராக் கிடையாது, 599 மட்டும்." கிராக் என்றால் பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பு. கீழே நூற்றுக்கணக்கில் "நன்றி ப்ரோ, வேலை செய்யுது" என்று ஸ்கிரீன்ஷாட்டுகள். நான் பேசியபோது விற்றவர் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். "அண்ணா, இது ரீஜியன் பிரைஸ், வெளிநாட்டு ஐடியில வாங்குறதால கம்மி, உங்களுக்கு எப்பவுமே இருக்கும்" என்றார். என் சொந்தக் கணக்கில் சேருமா என்று கேட்டதற்கு "அதேதான் அண்ணா" என்று பதில் வந்தது. பணத்தை யுபிஐயில் அனுப்பிய அடுத்த நிமிடம் வந்தது ஒரு யூசர்நேமும் பாஸ்வேர்டும். என் கணக்கில் எதுவும் சேரவில்லை. கேட்டால், "இப்படித்தான் அண்ணா எல்லாருக்கும், நான் கோடு தர்றேன், லாகின் பண்ணிட்டு டவுன்லோட் முடிஞ்சதும் ஆஃப்லைன் மோடு போட்டுடுங்க, அவ்வளவுதான்."

அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். பணம் கொடுத்தாகிவிட்டது, இனி என்ன என்று மேலே போனேன். கேமுக்கு 150 ஜிபி இடம் வேண்டும், எங்கள் வீட்டு இணைப்பில் மூன்று ராத்திரி ஓடித்தான் இறங்கியது. நாலாம் நாள் திறந்து லோட் கேம் பட்டியலைப் பார்த்தால் எனக்கு முன்னாலேயே அங்கே பதினோரு பேர் இருக்கிறார்கள். யார் யாரோ உருவாக்கிய கதாபாத்திரங்கள், ஒருவர் 3 மணி நேரம் ஆடியிருக்கிறார், இன்னொருவர் 40 மணி நேரம். கேம் தானாக வைக்கும் 'டாவ்' என்ற பெயரையே மாற்றாமல் விட்டவை நாலைந்து. பூட்டியிருக்கும் என்று நினைத்துத் திறந்த வாடகை வீட்டில் பதினோரு பேருடைய செருப்பு கிடந்த மாதிரி இருந்தது. விற்றவரிடம் கேட்டேன். "அதெல்லாம் கிளவுட்ல இருந்து வரும் அண்ணா, நீங்க புதுசா ஆரம்பிங்க, ஒண்ணும் ஆகாது."

ஆரம்பித்தேன். பொய் சொல்ல மாட்டேன், அடுத்த சில மாதம் வேறு எதையும் ஆடவில்லை. தொடக்கத்தில் எமரால்டு குரோவ் என்று ஒரு இடம் வரும். அகதிகளாக வந்து தங்கியிருக்கும் டீஃப்ளிங் என்கிற கொம்பு முளைத்த இனத்தின் கூட்டம் ஒரு பக்கம், அவர்களை வெளியே துரத்தத் துடிக்கும் ட்ரூயிடுகள், அதாவது இயற்கையை வணங்கும் மந்திரவாதிகள், இன்னொரு பக்கம். அரபெல்லா என்று ஒரு சின்னப் பெண் புனிதச் சிலையைத் திருடி மாட்டிக்கொண்டிருப்பாள். ககா என்கிற ட்ரூயிட் தன் பாம்பை அவள் முன்னால் விட்டு நிறுத்தி வைத்திருப்பாள். விட்டுவிடு என்று நாம் பேசிப் பார்க்கலாம். பேச்சு எடுபடுமா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். எனக்கு 4 விழுந்தது. மறுபடி உருட்ட உதவும் இன்ஸ்பிரேஷன் புள்ளியும் கையில் இல்லை. அந்தப் பெண் பயந்து ஓட முயன்றாள், பாம்பு கொத்திவிட்டது. வெளியே வந்தால் அவளுடைய அம்மாவும் அப்பாவும் நிற்கிறார்கள், என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள், பதில் நான்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எதையும் அழுத்தாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பழைய சேவுக்கு, அதாவது முன்பு சேமித்து வைத்த இடத்துக்கு, திரும்பியிருக்கலாம், தோன்றவில்லை. அது என் ஆட்டத்தில் நடந்தது, நடந்ததாகவே இருக்கட்டும் என்று விட்டேன்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த வகை கேமில் சேவ் என்பது வெறும் ஃபைல் இல்லை. யாரைக் காப்பாற்றினோம், யாரை விட்டோம், யாரிடம் என்ன சொன்னோம் என்று நூற்றுக்கணக்கான முடிவுகள் அதில் இருக்கின்றன. பந்தயக் கார் கேமில் சேவ் போனால் திரும்பவும் ஓட்டிக்கொள்ளலாம், இதில் அப்படி முடியாது. விற்கிறவருக்கு அது 599 ரூபாய்ச் சரக்கு.

2025 ஏப்ரல் 15ஆம் தேதி கேமின் எட்டாவது பேட்ச், அதாவது பெரிய அப்டேட், வந்தது. பன்னிரண்டு புது சப்கிளாஸ் (கதாபாத்திர வகைகளின் உட்பிரிவுகள்), ஃபோட்டோ மோடு, அப்புறம் முக்கியமாக கிராஸ்பிளே, அதாவது கணினியில் ஆடுபவரும் பிளேஸ்டேஷனில் ஆடுபவரும் ஒன்றாகச் சேர்ந்து ஆடலாம். என் சித்தி பையன் பிளேஸ்டேஷன் 5 வைத்திருக்கிறான். "அண்ணா, வா, ரெண்டு பேரும் முதல்ல இருந்து ஆடுவோம்" என்று அன்றைக்கே போன் செய்தான். அதற்கு நான் அப்டேட் செய்ய வேண்டும், அப்டேட்டுக்கு ஆன்லைன் போக வேண்டும், ஆன்லைன் போக அந்த நபரிடம் கோடு வாங்க வேண்டும். இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி பதினொன்றரைக்கு "சீக்கிரம் போடுங்க அண்ணா, முப்பது செகண்ட்தான்" என்று கோடு வந்தது.

போட்டேன். உள்ளே போனதும் ஸ்டீம் ஒரு பெட்டியைக் காட்டியது, உன் கணினியில் ஒரு சேவ் இருக்கிறது, கிளவுடில் வேறொன்று இருக்கிறது, எதை வைத்துக்கொள்வது என்று. கிளவுடில் இருப்பதன் தேதி புதிதாக இருந்தது. புதியது என்றால் என்னுடையதும் அதில் சேர்ந்திருக்கும் என்று நினைத்து அதை அழுத்தினேன். அது வேறு யாரோ அன்று சாயங்காலம் ஆடியது. அப்டேட் முடிந்து பட்டியலைத் திறந்தால் என் கதாபாத்திரம் இல்லை, என் குழு இல்லை, 74 மணி நேரம் இல்லை. ரீசைக்கிள் பின் வரை தேடிப் பார்த்தேன். கிராஸ்பிளேக்கு லேரியன் கணக்கை இணைக்கலாம் என்று பார்த்தால் அதில் ஏற்கெனவே முகம் தெரியாத ஒருவருடைய கணக்கு இணைந்திருக்கிறது.

விற்றவரிடம் சொன்னேன். முதலில் "நீங்க ஆன்லைன் போயிருக்கக் கூடாது" என்றார், கோடு கொடுத்ததே அவர்தான். அப்புறம் "புது ஐடி 399 அண்ணா, உங்களுக்காக 349" என்றார். நான் பணத்தைத் திருப்பிக் கேட்டதும் என்னை பிளாக் செய்தார். அடுத்த இரண்டு நாளில் பாஸ்வேர்டும் வேலை செய்யவில்லை.

இவர்கள் வேலை செய்யும் விதம் பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஒரு ஸ்டீம் கணக்கில் ஒரே ஒரு முறை கேம் வாங்குவார்கள். அந்த ஒரே கணக்கின் பாஸ்வேர்டை வருகிறவர்களுக்கெல்லாம் விற்பார்கள். லாகின் கோடு அவர்களிடம்தான் வரும், அதனால் கடிவாளம் எப்போதும் அவர்கள் கையில். ஒரே கணக்கில் பல பேர் ஒரே நேரத்தில் ஆட முடியாது என்பதால் எல்லோரையும் ஆஃப்லைனில் உட்கார வைக்கிறார்கள். அப்டேட் வரும்போதெல்லாம் இந்தக் கூட்டம் மொத்தமும் கோடு கேட்டு நிற்கும், அப்போது இன்னொரு முறை காசு பார்ப்பார்கள். ஸ்டீம் விதிப்படி கணக்கை விற்கவே கூடாது, தெரிந்தால் முடக்கிவிடுவார்கள். நாம் போய் முறையிடவும் முடியாது, ஏனென்றால் அந்தக் கணக்குக்கு நாம் யாருமே இல்லை. "கிராக் கிடையாது, ஒரிஜினல்" என்று விளம்பரத்தில் போட்டது உண்மைதான். ஒரிஜினல் அவருடையது.

1930 என்கிற சைபர் கிரைம் உதவி எண்ணுக்கு அழைத்து, தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் யுபிஐ எண், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் ஏற்றிப் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் வரவில்லை. ஆனாலும் 599தானே என்று யாரும் விடாதீர்கள், எல்லோரும் அப்படி விடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது. பணம் போனது தெரிந்தவுடனேயே 1930க்கு அழையுங்கள். நான் நாலு நாள் கழித்து அழைத்தேன்.

சரி, இவ்வளவுக்கும் பிறகு கேம் அந்தப் புகழுக்குத் தகுமா? கோடைத் தள்ளுபடியில் என் சொந்தக் கணக்கில் வாங்கி, முதலிலிருந்து ஆடி, கடைசி வரை முடித்துவிட்டுத்தான் சொல்கிறேன், தகும். இரண்டாவது முறை அதே பாம்பின் முன்னால் போய் நின்றபோது 17 விழுந்தது. அரபெல்லா ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அந்த ஒரு பகடையால் அதற்கப்புறம் எனக்கு வந்த காட்சிகளே வேறு. விலங்குகளோடு பேசும் மந்திரம் போட்டால் மாடும் எலியும்கூட ஏதோ சொல்கின்றன, செத்தவனை எழுப்பிக் கேள்வி கேட்கலாம், சண்டை போட்டே ஆக வேண்டும் என்று நினைத்த இடத்தில் பேசியே தப்பிக்கலாம். கேமுக்குள் காசு பிடுங்கும் கடையும் கிடையாது. 2023 நவம்பரில் முடிவுரைக் காட்சியைச் சேர்த்தபோதும் சரி, எட்டாவது பேட்சிலும் சரி, வாங்கியவர்களிடம் கூடுதலாக ஒரு ரூபாய் கேட்கவில்லை.

குறையும் இருக்கிறது, அதைப் புகழ்கிறவர்கள் சொல்வதில்லை. முதல் பத்து மணி நேரம் தலை சுற்றும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று மேசையில் பகடை உருட்டி ஆடும் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகள்தான் அடிப்படை, அட்வான்டேஜ், கான்சென்ட்ரேஷன், சேவிங் த்ரோ என்பதையெல்லாம் அது உட்காரவைத்துச் சொல்லித் தராது. சண்டையில் முறை வைத்துத்தான், வரிசையாக ஒவ்வொருவராக அடிக்க வேண்டும், 80 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது என்று காட்டிவிட்டுக் குறி தவறும். அதிரடிச் சண்டையே பழகியவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம், அதில் தப்பில்லை. தமிழ் கிடையாது, பக்கம் பக்கமாக ஆங்கிலம் படிக்க வேண்டும், லேப்டாப் திரையில் எழுத்தும் பொடி. பையில் சேரும் பொருள்களை ஒழுங்குபடுத்துவது தனி வேலை. கதையின் மூன்றாம் பகுதியில் நகரத்துக்குள் நுழைந்ததும் என் லேப்டாப் திணறியது, கூட்டம் அதிகம் என்பதால் பிராசசரைப் பிழிந்துவிடுகிறது. வில் என்கிற துணைவனின் கதை மற்றவர்களோடு பார்த்தால் மெலிந்துதான் இருக்கிறது.

அதனால் வாங்குவதென்றால் பார்த்து வாங்குங்கள். 16 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இல்லாமல் இறங்க வேண்டாம். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் இந்த கேமில் கதாபாத்திரத்தை உருவாக்கவே ஒரு மணி நேரம் போய்விடும், அதனால் முதலில் வேகமாக ஒருவரைத் தேர்ந்தெடுத்து லேப்டாப் தாங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள், அழகுபடுத்துவதெல்லாம் அப்புறம். ஜிஓஜி என்ற கடையிலும் கிடைக்கிறது, அங்கே காப்பி எடுப்பதைத் தடுக்கும் பூட்டு (டிஆர்எம்) எதுவும் இல்லாத பதிப்பு, 30 நாள் வரை திருப்பிக் கொடுக்கலாம். கையில் காசு இல்லையென்றால் தள்ளுபடி வரும் வரை பொறுங்கள், ஓடிப்போகாது.

ஏற்கெனவே இப்படிப்பட்ட ஐடியில் ஆடிக்கொண்டிருப்பவர்கள் இதை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். ஆன்லைன் போகாமல், சி டிரைவில் யூசர்ஸ், அதில் உங்கள் பெயர், அதில் ஆப்டேட்டா (மறைந்திருக்கும், வியூ மெனுவில் மறைந்த ஃபைல்களைக் காட்டு என்று போட்டால் தெரியும்), அதில் லோக்கல், லேரியன் ஸ்டுடியோஸ், பால்டர்ஸ் கேட் 3, பிளேயர்புரொஃபைல்ஸ், பப்ளிக், சேவ்கேம்ஸ், ஸ்டோரி என்று போங்கள். உள்ளே உங்கள் கதாபாத்திரத்தின் பெயரோடு ஃபோல்டர்கள் இருக்கும். அந்த ஸ்டோரி ஃபோல்டரை அப்படியே ஒரு பென்டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள். நாளைக்கு உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கும்போது, கிளவுடை நிறுத்திவிட்டு, அதே இடத்தில் ஒட்டினால் விட்ட இடத்திலிருந்து ஆடலாம். இது எனக்கு ஒரு வாரம் தாமதமாகத் தெரிந்தது.