வேலூரா, சென்னையா: கூடப் போகிறவரின் கணக்கு

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் ஒருவருக்குப் பெரிய நோய்வருத்தம் என்று தெரிந்தால், அன்றிரவே அந்த வீட்டில் இரண்டு கட்சி முளைத்துவிடும். "யோசிக்காமல் வேலூருக்குக் கொண்டுபோங்கோ" என்பது ஒன்று. "சென்னையில பெரிய பிரைவேட் ஆஸ்பத்திரியள் இருக்கு, ஒரு கிழமையில எல்லாம் பாத்திடுவாங்கள்" என்பது மற்றது. இரண்டு கட்சியும் டொக்டரைப் பற்றியும் மெசினைப் பற்றியும்தான் கதைக்கும். பையும் ஃபைலும் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடக்கப் போகிற மனிசியிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

நான் அந்த மனிசி. இவருக்கு, என் மனிசருக்கு, லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் என்று 2023இல் தெரிந்தது. முதலில் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனை, பிறகு வேலூர், கடைசியில் எங்கள் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரி என்று மூன்று இடத்திலும் நின்றிருக்கிறேன். எந்த டொக்டர் கெட்டிக்காரர் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கூட நிற்கிறவருக்கு எது எப்படி இருக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

சென்னையில் வேகம்தான் முதலில் கண்ணில் படும். வெளிநாட்டு நோயாளிகளுக்கென்று தனி மேசை இருந்தது. அங்கிருந்த பிள்ளை எங்களைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு திரிந்தா. மூன்றே நாளில் இரத்தம், ஸ்கான், பயாப்சி எல்லாம் முடிந்தது. செலவு மதிப்பீடு டொலரில் அச்சடித்து வந்தது. அதைப் பார்த்து நான் பயப்படவில்லை. பயம் பிறகுதான் வந்தது. அட்வான்ஸ் முடிந்துவிட்டது, கட்டுங்கள் என்று ஒவ்வொரு காலையும் பில் கவுண்டரில் இருந்து போன் வரும். இவர் கட்டிலில் கிடக்கிறார், நான் லிஃப்டில் கீழும் மேலும். ஒரு இந்திய ரூபாய்க்கு மூன்றரை இலங்கை ரூபாய் அளவில் பெருக்கிப் பெருக்கியே அந்த நாட்களில் எனக்குத் தலையிடி.

வேலூரில் செலவு குறைவு, ஆனால் காத்திருப்பு கூட. எங்கள் மாமாவின் தலைமுறைக்கு வேலூர் என்றால் சிஎம்சி என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிதான். அமெரிக்க மிஷன் டொக்டர் ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய இடம். இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971இல் நடந்த இடம். எலும்பு மச்சை மாற்றையும் 1986இலேயே தொடங்கிய இடம். அந்தப் பேருக்கு வருகிற சனம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு துண்டுச் சீட்டுக்கு ஒரு வரிசை, பணம் கட்ட ஒரு வரிசை, இரத்தம் எடுக்க இன்னொன்று. இரவு டிபன் பெட்டியை நிரப்பி வைத்துவிட்டுப் படுத்தால்தான் அடுத்த நாள் தாங்கும். வேலூர் போகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: 2022இல் ராணிப்பேட்டை வளாகம் திறந்த பிறகு சில பிரிவுகள் அங்கே போய்விட்டன. எந்த வளாகம் என்று கேட்காமல் பழைய ஆஸ்பத்திரிக்கு முன்னால் அறை எடுத்தால், நோயாளியோடு தினமும் பஸ்ஸில் அலைய வேண்டி வரும்.

தமிழ்நாடுதானே, மொழிப் பிரச்சினை இல்லை என்று நினைத்துத்தான் போனோம். "இவருக்கு ஆறு மாதமா வருத்தம்" என்று சொன்னேன். "வருத்தப்படாதீங்கம்மா, சரியாயிடும்" என்றார் அந்த இளம் டொக்டர். "சத்தி எடுக்கிறார்" என்றால் அவருக்குப் பிடிபடவில்லை. வாந்தி என்றதும்தான் எழுதினார். மருந்துச் சீட்டை எங்கள் பேச்சில் மருந்துத் துண்டு என்று கேட்டதற்கு ஒரு நர்ஸ் குளித்துத் துடைக்கிற துவாயைக் காட்டினா. சிரிப்பாக இருந்தாலும் இது விளையாட்டில்லை: நோ என்பதை வலி என்றும், குளிசையை மாத்திரை என்றும், வயிற்றால் போகிறதை பேதி என்றும் முதல் நாளே மாற்றிக்கொள்ளுங்கள். வேலூர்க் கடைகளில் வேறு கூத்து. மேற்கு வங்காளத்தில் இருந்தும் பங்களாதேஷில் இருந்தும் வருகிறவர்கள் அவ்வளவு பேர், போர்டெல்லாம் வங்காளியில் இருக்கும். என் முகத்தைப் பார்த்ததும் மரக்கறிக் கடைக்காரர் வங்காளியில் விலை சொன்னார். நான் தமிழில் பேரம் பேச, மனிசன் திகைத்துப்போனார்.

தங்குமிடம்தான் எனக்குத் தீர்ப்பு. சென்னையில் நாங்கள் எடுத்தது சேர்விஸ் அபார்ட்மென்ட்: ஏசி, லிஃப்ட், நல்ல குளியலறை. கதவை மூடினால் உலகம் இல்லை. இவருக்கு அது நல்லது, நித்திரை வந்தது. எனக்கோ ஒரு முழு நாளில் கதைக்கக் கிடைத்தவர் சாப்பாடு கொண்டுவருகிற பெடியன் மட்டும்தான். வேலூர் லொட்ஜில் அறை சின்னன், கட்டில் இரும்பு, மே மாத வெயிலுக்கு மின்விசிறி சூட்டுக் காற்றைத்தான் அடிக்கும். ஆனால் கேஸ் அடுப்பு வாடகைக்குத் தருவார்கள். ஊரில் இருந்து கொண்டுபோன மிளகாய்த்தூளைப் போட்டு ஒரு சொதி வைத்தால், மருந்து ஏற்றிய மூன்றாம் நாளும் இவர் இரண்டு வாய் சாப்பிடுவார். பிற ஊர்ச் சாப்பாட்டின் மணமே அவருக்குக் குமட்டியது.

ஒருநாள் எனக்கே காய்ச்சல். இவருக்கு வெள்ளணுக்கள் குறைந்திருந்த நேரம். நான் பக்கத்தில் போகவே கூடாது. பக்கத்து அறையில் பங்களாதேஷின் குல்னாவில் இருந்து வந்த ஒரு பெண், அவவின் புருசனும் நோயாளிதான். எங்களுக்குள் பொது மொழி என்று ஒன்றும் இல்லை, வங்காளியில் அக்கா என்கிற "தீதி" என்று கூப்பிடுவா, அவ்வளவுதான். நான் கதவடியில் இருந்தபடி கையைக் காட்ட, இரண்டு நாள் இவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்ததும் மருந்து எடுக்கிற நேரத்துக்குக் கதவைத் தட்டியதும் அவதான். சென்னை அறையில் எனக்கு இது வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் யோசிப்பேன். கூட நிற்கிறவருக்குக் கூட நிற்க ஒருவர் இருக்கிறாரா என்பது எந்த மருத்துவமனையின் விலைப்பட்டியலிலும் இல்லை.

விசாவில் சென்னை, வேலூர் என்ற வித்தியாசம் இல்லை. நாள் கணக்கில்தான் வித்தியாசம். இவருக்குக் கொடுத்த ஆர்-சாப் மருந்துக்கூட்டு 21 நாளுக்கு ஒருதடவை, ஆறு தடவை. முதல் தடவையில் இருந்து ஆறாவதுக்கே 105 நாள். இணையத்தில் எடுக்கிற மருத்துவ விசா 60 நாள், மூன்று நுழைவு. ஒரு சத்திரசிகிச்சைக்கு அது போதும், கீமோவுக்குப் போதாது. அதற்குத் தூதரகம் வழியாக ஒட்டுகிற நீண்ட மருத்துவ விசாதான் சரி. கூடப் போகிறவருக்கு உதவியாளர் விசா. ஒரு நோயாளியோடு இரண்டு பேர் வரை போகலாம். 'நான் சும்மா கூடத்தானே போறன்' என்று சுற்றுலா விசாவில் போக வேண்டாம். சிகிச்சை நீண்டால் நோயாளியை விட்டுவிட்டு நீங்கள் திரும்ப வேண்டி வரும். 180 நாளுக்கு மேற்பட்ட மருத்துவ விசா என்றால் போய் 14 நாளுக்குள் பதிய வேண்டும். தங்குகிற இடத்துக்காரரும் வெளிநாட்டார் வந்து நிற்கிறார் என்று அரசாங்கத்துக்கு இணையத்தில் அறிவிக்க வேண்டும். வேலூர் லொட்ஜ்காரருக்கு அது தினசரி வேலை. சென்னையில் வீடு வாடகைக்குத் தேடியபோது, பாஸ்போட்டைக் கண்டதும் "ஓனர் ஒத்துக்க மாட்டார்" என்று இரண்டு இடத்தில் திருப்பி அனுப்பினார்கள்.

பயணத்தில் பெரிய ஒப்பீடு இல்லை. யாழ்ப்பாணத்துப் பலாலியில் இருந்து சென்னைக்கு விமானம் ஒன்றேகால் மணித்தியாலம் அளவில். கொழும்பு சுற்றிப் போனால் பஸ்ஸிலேயே ஓர் இரவு போய்விடும், நோயாளிக்கு ஆகாது. காங்கேசன்துறைக் கப்பல் மலிவுதான், ஆனால் சத்தி எடுக்கிற மனிசரை அதில் ஏற்றாதீர்கள். சென்னையில் இருந்து வேலூர் காரில் மூன்று மணித்தியாலம். வேலூருக்குப் பக்கத்துக் காட்பாடி வரை ரயில் இன்னும் சுகம்.

இரண்டு கட்சியும் சொல்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதை எங்களுக்குச் சொன்னது வேலூர் டொக்டர்தான். நோயைச் சரியாகப் பெயர் வைத்துக் கண்டுபிடிப்பதும் திட்டம் போடுவதும்தான் கஷ்டம். மருந்தை ஏற்றுவது உங்கள் ஊரிலும் செய்யலாம் என்றார். இரண்டு தடவை அங்கே ஏற்றி உடம்பு தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு, மிச்ச நாலையும் தெல்லிப்பழையில் ஏற்றினோம். 2011இல் இலங்கையின் தெற்கு நுனித் தெய்வேந்திரமுனையில் இருந்து வடக்கே பருத்தித்துறை வரை சனங்கள் நடந்து சேர்த்த காசில் எழும்பிய புற்றுநோய்ப் பிரிவு அது. அங்கே சிகிச்சைக்குக் காசில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாட்டிலேயே சில மருந்துகள் தட்டுப்பாடு, ஆகவே ஒருதடவை வெளியில் வாங்க வேண்டி வந்தது. அப்படியும் இந்தியாவில் நின்றிருந்தால் வந்திருக்கும் அறை வாடகைக்கு அது கிட்டவும் வராது.

வீட்டுக்குத் திரும்புகிற நாளை மட்டும் கவனமாகப் பாருங்கள். மருந்து ஏற்றி ஏழாம் நாளில் இருந்து பதினாலாம் நாள் வரைதான் வெள்ளணுக்கள் மிகக் குறையும். அந்த நேரம் 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே உடனே ஆஸ்பத்திரி. விமானநிலையத்தில் நிற்கக்கூடாத கிழமை அது. இன்னொன்று, பயாப்சியின் ஸ்லைடையும் சதைத்துண்டு பதித்த மெழுகுக் கட்டியையும் முதல் ஆஸ்பத்திரியில் இருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சென்னையில் நான் கேட்டு வாங்கியதால்தான் வேலூரில் திரும்பவும் இவரைக் குத்தவில்லை.

ஆகவே ஒரே சத்திரசிகிச்சை, பத்து நாளில் முடிகிற வேலை, கையில் காசும் இருக்கிறது என்றால் சென்னை. என்ன நோய் என்றே தெளிவில்லை, அல்லது மாதக்கணக்கில் போகும் என்றால் வேலூரில் தொடங்கி ஊரில் முடிக்கப் பாருங்கள்.

போன கிழமை பக்கத்து ஒழுங்கை அக்கா வந்து இதையெல்லாம் இரண்டு தேத்தண்ணி குடிக்கும்வரை கேட்டா. அவவின் மனிசருக்கும் நீண்ட வைத்தியம்தான். என் கணக்குப்படி வேலூர். எல்லாம் கேட்டுவிட்டு எழும்பும்போது சொன்னா, "எண்டாலும் நாங்கள் சென்னைக்குத்தான் போறம். என்ர தங்கச்சி போரூரில இருக்கிறாள்."

நான் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. மிளகாய்த்தூள் போத்தல் ஒன்றை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினேன்.