‘ஒருமுறை காசு, ஆயுள் முழுக்கப் பாவனை’: பில் சொஃப்ட்வெயார் வாங்க முன் இதைப் படியுங்கள்

கொழும்பு புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் கடை ஒன்று, சித்திரைப் புத்தாண்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது தன் கடன் கணக்கு முழுவதையும் இழந்து நின்றது. ஹட்டன், பதுளை, மட்டக்களப்புக் கடைகளிடமிருந்து வரவேண்டிய காசு. யார் எவ்வளவு தரவேண்டும் என்பது ஒரே ஒரு கணினிக்குள் இருந்தது. ஒரு நாள் காலை அதன் ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது.

டிஸ்க் பழுதாவதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. அதற்கு முன்னும் பின்னும், அந்தக் கணினிக்குப் பில் சொஃப்ட்வெயார் விற்றவர்கள் செய்ததைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சொஃப்ட்வெயார் விலை 165,000 ரூபா, அதற்குப் பிறகு ஒரு சதமும் இல்லை என்று சொல்லி விற்றார்கள். கடன் கொப்பி இனித் தேவையில்லை என்றும் சொன்னார்கள். இரவு கடை பூட்ட முன் ‘பேக்கப்’ பொத்தானை அழுத்தினால் போதும், பச்சை அடையாளம் வரும் என்று காட்டினார்கள். காசாளர் ஒருநாளும் தவறவிடாமல் அழுத்தினார், பச்சை அடையாளமும் வந்தது. ஆனால் அந்தப் பிரதி போய்ச் சேர்ந்தது டீ டிரைவில். சீ, டீ என்று எழுத்துத்தான் இரண்டு. இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரு பகுதிகள். டிஸ்க் போனபோது மூலமும் பிரதியும் சேர்ந்தே போயின. கணினி தெரிந்த எவரும் இப்படி அமைக்கமாட்டார். அமைத்தவருக்கு இது தெரியாதென்றால், அவர் இந்தத் தொழிலுக்கே வந்திருக்கக்கூடாது.

விற்றவர்களுக்கு அழைப்பெடுத்தபோது, லைசன்ஸ் அந்த ஹார்ட் டிஸ்க்கின் தொடர் எண்ணோடு கட்டப்பட்டது, புதிய டிஸ்க்குக்குப் புதிய லைசன்ஸ், 85,000 ரூபா என்றார்கள். ‘ஆயுள் முழுக்க’ என்று சொன்னது டிஸ்க்கின் ஆயுளை. எழுத்தில் கேட்கலாம் என்றால் ஒப்பந்தம் எதுவும் இல்லை. பற்றுச்சீட்டில் ‘சொஃப்ட்வெயார் – 1’ என்று மட்டும் இருந்தது.

நாலு மாதத்துக்கு முன் மேசை மாற்றும்போது யாரோ ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்த பிஏகே கோப்புத்தான் (கணக்கு முழுவதின் பிரதி) கடையைக் கொஞ்சமாவது காப்பாற்றியது. இதேபோன்ற நிலையில் இருப்பவர்கள் கவனியுங்கள்: மைக்ரோசொஃப்டின் தரவுத்தளமான எஸ்கியூஎல் சேர்வரில் ஓடும் சொஃப்ட்வெயார் என்றால், அதன் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பை வேறொரு கணினியில் நிறுவி அந்தக் கோப்பைத் திறக்கலாம். பழைய பதிப்பில் திறக்காது; எடுத்த பதிப்போ அதற்குப் புதியதோ வேண்டும். கோப்பு குறியாக்கம் செய்து பூட்டப்படாவிட்டால் விற்றவரின் கடவுச்சொல்கூடத் தேவைப்படாது.

திறந்ததும் அடுத்த தலையிடி. சாமான் பெயர்கள் எல்லாக் கணினியும் தமிழாகவே படிக்கும் யுனிகோடில் இல்லை, ஆங்கில எழுத்துகளைத் தமிழ் வடிவில் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் இருந்தன. ‘அரிசி’ என்று திரையில் தெரிந்த சொல், உள்ளே எம், யு, பி, ஆர், பி என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளாகக் கிடந்தது. பாமினியை யுனிகோடாக்க மாற்றிகள் உண்டு. ஆனால் தமிழும் ஆங்கிலமும் கலந்த பெயரை அதில் போட்டால் ஆங்கில பிராண்ட் பெயரும் தமிழாகிப் பொருளற்றுப் போகும். அப்படியான பெயர்களை ஒவ்வொன்றாகக் கையால் திருத்த வேண்டியிருந்தது.

மிஞ்சிய நாலு மாதக் கடனை வங்கிக் கூற்றுகளையும் பில்களையும் வைத்துத் திரும்பக் கட்டினார்கள். தெர்மல் தாளில் (சூட்டில் எழுத்து விழும் பில் தாள்) அடித்த பில்கள் பல வெளுத்துப்போயிருந்தன. வெப்பமும் பிளாஸ்டிக் உறையும் அந்த எழுத்தை அழித்துவிடும். கடன் விற்பனைக்குச் சாதாரணத் தாளில் இரண்டு பிரதி அடியுங்கள்.

கணக்கைத் திரும்பக் கட்டும்போது இன்னொன்றும் தெரியவந்தது. பின்திகதிச் செக் ஒன்றைப் பதிந்த அந்த நிமிடமே சொஃப்ட்வெயார் கடனைக் கழித்துவிட்டிருந்தது. 45 நாள் கழித்து மாறவேண்டிய செக், இன்றே காசு வந்ததாகக் கணக்கில் நிற்கிறது. செக் வங்கியில் மாறாமல் திரும்பினால் கடனை மீண்டும் ஏற்ற வழியே இல்லை. புறக்கோட்டை மொத்த வியாபாரமே பின்திகதிச் செக்கில் ஓடும்போது, இந்த வசதி இல்லாத ஒன்றை இங்கே விற்பதே அநியாயம்.

ஆகவே டெமோவுக்கு வருபவரிடம் அவர் கொண்டுவரும் மாதிரிச் சாமான்களைக் காட்ட விடாதீர்கள். உங்கள் சாமான் ஐம்பதை எக்செலில் கொடுத்து ஏற்றச் சொல்லுங்கள். 50 கிலோ பருப்பு மூட்டை ஒன்றை வாங்கி, 7 கிலோவைப் பிரித்து விற்று, இருப்பு 43 என்று காட்டுகிறதா பாருங்கள். பெரிய வெங்காயம் மூட்டையிலேயே எடை குறையும், அழுகலும் போகும். அந்தக் கழிவை விற்பனையாகக் காட்டாமல் தனியாகப் பதிய இடம் இருக்கிறதா? பின்திகதிச் செக் ஒன்றைப் பதிந்து, அது திரும்பியதாகவும் பதிந்து பாருங்கள். கடைசியாக, சாமான், வாடிக்கையாளர், கடன் மூன்றையும் சிஎஸ்வியாக (எக்செலில் திறக்கும் எளிய அட்டவணைக் கோப்பு) வெளியே எடுத்து உங்கள் கைபேசியில் திறக்கச் சொல்லுங்கள். பிடிஎஃப் மட்டும்தான் வரும் என்றால் வாங்காதீர்கள். உங்கள் கணக்கை வேறிடத்துக்குக் கொண்டுபோக முடியாதபடி அவர்களிடமே கட்டிப்போடுகிறார்கள்.

வற் (பெறுமதி சேர் வரி) பதிந்த கடையென்றால் இன்னொரு சோதனை. வரி 2022 ஜூனில் 8 வீதத்திலிருந்து 12 ஆனது, அதே ஆண்டு செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. விகிதத்தை நீங்களே மாற்ற முடிகிறதா, மாற்றிய பிறகு பழைய பில்லை மறுபடி அடித்தால் பழைய விகிதமே வருகிறதா என்று பாருங்கள். மோசமாக எழுதியவற்றில் பழைய பில்லும் புதிய விகிதத்துக்கு மாறிவிடும்.

மாத வாடகைக்கு வரும் இணைய சொஃப்ட்வெயாரில் டிஸ்க் பயம் இல்லை. ஆனால் இணைப்பு அறுந்தால் பில் போடலாமா, கட்டணம் நிறுத்தினால் எத்தனை நாள் தரவை வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள். டொலரில் கட்டுவதென்றால் இரண்டு முறை யோசியுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியது.

காசை ஒரேயடியாகக் கொடுக்க வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு முற்பணம், மிச்சம் ஒரு மாதக் கணக்கு இருப்போடு ஒத்துவந்த பிறகு. கணினி மாறினால் லைசன்ஸ் இலவசமாக மாற்றித் தரப்படும், தரவுத்தளக் கடவுச்சொல் உரிமையாளரிடம் இருக்கும் என்ற இரண்டு வரியும் கையெழுத்தோடு ஒப்பந்தத்தில் வரவேண்டும்.

ஏற்கனவே இப்படியொன்று கடையில் ஓடுகிறதா? இன்றிரவே ஸ்டார்ட் பொத்தானை வலது கிளிக் செய்து டிஸ்க் மனேஜ்மென்டைத் திறவுங்கள். சீயும் டீயும் ‘டிஸ்க் 0’ என்ற ஒரே வரிசையில் இருந்தால் உங்களிடம் பிரதி இல்லை. இரண்டு பென் டிரைவ் வாங்கி, இன்று ஒன்றில், நாளை மற்றதில் என்று தினமும் பிரதி எடுங்கள். ஒன்று கடையில் இருக்கட்டும், மற்றது முதலாளியோடு வீட்டுக்குப் போகட்டும். மாதம் ஒருமுறை கடைசியாக எடுத்த பிரதியை வேறு கணினியில் திறந்து, நேற்றைய கடைசி பில் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.