சீசன் பாஸ் பணம்: "கிளப்புக்கு நன்கொடை" என்று இருந்தால் அழுத்துவதற்கு முன் இதைப் படியுங்கள்

கோலாலம்பூரில் காற்பந்து சீசன் பாஸ் வைத்திருப்பவர்கள், அதிலும் குடும்பத்தோடு வாங்கியவர்கள், பார்க்க முடியாமல் போன ஆட்டங்களுக்குப் பணத்தைத் திரும்பக் கேட்பதா, விட்டுவிடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் பொறுங்கள். நாம் விட்டுக்கொடுக்கும் பணம் கிளப்புக்குத்தான் போகும் என்று நம்பி எங்கள் வட்டாரத்தில் பலர் ஏமாந்திருக்கிறார்கள். விவகாரம் இப்போது பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் இருப்பதால் டிக்கெட் விற்ற நிறுவனத்தின் பெயரையும் கிளப்பின் பெயரையும் எழுதவில்லை.

நடந்தது இதுதான். ஒரு பாஸ் 180 வெள்ளி (ரிங்கிட்), சொந்தத் திடலில் 12 ஆட்டங்கள். புல்தரையைச் சீரமைக்க வேண்டும் என்று சொல்லிக் கடைசி நான்கு ஆட்டங்களை வேறு மாநிலத்துக்கு மாற்றிவிட்டார்கள். வேலை நாளில், இரவு ஒன்பது மணி ஆட்டம். மறுநாள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு யார் அவ்வளவு தூரம் போக முடியும்? அந்த நான்கு ஆட்டங்களுக்கு ஆளுக்கு 60 வெள்ளி. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 240 வெள்ளி. சின்னத் தொகை என்று சொல்பவர்கள் செந்தூல் அடுக்குமாடியில் ஒரு மாதம் குடும்பம் நடத்திப் பார்க்கட்டும்.

பிறகு நிறுவனத்திடமிருந்து ஒரு படிவம் வந்தது. கைப்பேசியில் திறந்தால் மூன்று வட்டங்கள். முதலாவது, கிளப்பின் இளையோர் அணிக்கு நன்கொடை. இரண்டாவது, அடுத்த சீசன் டிக்கெட் விலையில் கழித்துக்கொள்ளும் வரவு. மூன்றாவது, பணத்தைத் திரும்பப் பெறுதல். முதல் வட்டத்தில் முன்கூட்டியே புள்ளி வைக்கப்பட்டிருந்தது. மூன்றாவதைப் பார்க்கத் திரையைக் கீழே தள்ள வேண்டும். அதன் அடியில், வெளிர் சாம்பல் நிறப் பொடி எழுத்தில், ஒவ்வொரு பாஸுக்கும் 10 வெள்ளி நிர்வாகக் கட்டணம் கழிக்கப்படும் என்று ஒரு வரி. 14 நாட்களுக்குள் பதில் அனுப்பாவிட்டால் நன்கொடைக்குச் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ளப்படும் என்று இன்னொரு வரி. கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கும் வயதில் உள்ளவர்களுக்கு அந்த இரண்டு வரிகளும் தெரியவே தெரியாது.

எங்கள் ரசிகர் குழுவில் இதைப் பற்றி நீண்ட வாக்குவாதம் நடந்தது. பணத்தைக் கேட்கக் கூடாது என்று சொன்னவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 2025-இல் பேராக், ஸ்ரீ பகாங் கிளப்புகள் மலேசிய சூப்பர் லீக்கிலிருந்து விலகின. கெடாவுக்கு உரிமமே கிடைக்கவில்லை. ஆட்டக்காரர்களுக்குச் சம்பள பாக்கி என்ற செய்தி இந்த நாட்டில் ஆண்டுதோறும் வருகிறது. மாமாக் கடையில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், என்னிடம் கேட்டார்: "கிளப்பே இல்லாமல் போய்விட்டால், இந்த அறுபது வெள்ளியை வைத்துக்கொண்டு யாருடைய ஆட்டத்தைப் பார்ப்பது, தம்பி?" அவர் தமக்கும் மூன்று பேரப்பிள்ளைகளுக்கும் பாஸ் வாங்கியவர். அடையாள அட்டையோடு சேர்த்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். 240 வெள்ளியையும் இளையோர் அணிக்கே கொடுத்துவிட்டார்.

அடுத்த சீசன் தொடங்கியதும் நன்கொடைக்கு ரசீது கேட்கக் கிளப் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த பெண் கணினியில் தேடினார், உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டும் வந்தார். அப்படியொரு நன்கொடை தங்களுக்கு வரவே இல்லை என்றார். டிக்கெட் நிறுவனம் கழிவு போக விற்பனைப் பணத்தைத்தான் அனுப்புமாம், ரசிகர்கள் விட்டுக்கொடுத்த தொகை என்று எதுவும் கணக்கில் இல்லையாம். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் உடம்பு நடுங்கியது. கிளப் மேல் உள்ள பாசத்தைக் காட்டிப் பேரப்பிள்ளைகளின் பணத்தை வாங்கி வைத்துக்கொள்வதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்!

வரவைத் தேர்ந்தெடுத்தவர்களின் கதி இன்னும் மோசம். புதிய சீசனுக்குக் கிளப் வேறொரு நிறுவனத்தை அமர்த்திக்கொண்டது. பழைய நிறுவனத்தின் வரவு அங்கே செல்லாது. பழைய நிறுவனமோ, வரவை வேறு ஆட்டங்களுக்குப் பயன்படுத்தலாம் என்கிறது, ஆனால் அது விற்கும் காற்பந்து ஆட்டம் ஒன்றும் இல்லை.

நான் பணத்தைத்தான் கேட்டேன். படிவம் அனுப்பியும் மாதக்கணக்கில் பதில் இல்லை. தொலைபேசியில் அழைத்தால் "பரிசீலனையில் இருக்கிறது" என்ற ஒரே பதில். கடைசியில் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்தேன். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சு நடத்தும் தீர்ப்பாயம் அது. மனுக் கட்டணம் வெறும் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, எதிர்த் தரப்பும் பொதுவாக வைக்க முடியாது. பிரச்சினை எழுந்ததிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். ரசீதில் உள்ள நிறுவனப் பதிவு எண்ணைச் சரியாக எழுதுங்கள். மனுவில் விளம்பரப் பெயரை மட்டும் எழுதினால் வீண் அலைச்சல். மனுவின் பிரதி நிறுவனத்துக்குப் போன பிறகு, விசாரணைக்கு முன்பே முழுத் தொகையும் என் கணக்குக்கு வந்துவிட்டது. அந்த 10 வெள்ளியைக்கூடக் கழிக்கவில்லை. அதுவரை முடியாதது அன்றைக்கு எப்படி முடிந்தது?

"விதிமுறையில் எழுதியிருக்கிறது, நீங்கள் சம்மதித்தீர்கள்" என்று மிரட்டினால் பின்வாங்காதீர்கள். நியாயமற்ற ஒப்பந்த விதிகளுக்கு எதிரான பகுதி ஒன்று 2010 திருத்தத்தில் அந்தச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. பொடி எழுத்தில் போட்டுவிட்டதாலேயே எல்லாம் செல்லுபடியாகிவிடாது. கடன் அட்டையில் கட்டியவர்கள் தங்கள் வங்கியிடமும் முறையிடலாம். படிவம் திரையில் தெரியும்போதே அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நிறுவனம் பிறகு அதை மாற்றிவிட்டது. எங்களிடம் பழைய படிவம் இருப்பதற்குக் காரணம், குழுவில் ஒரு தங்கை முதல் நாளே அதைப் படமெடுத்து வைத்ததுதான்.

இதற்கு நடுவே இன்னொரு கூட்டமும் கிளம்பியிருக்கிறது. பணம் திரும்பக் கேட்டவர்களைத் தேடி அழைத்து, "உங்கள் பணம் தயார், வங்கியிலிருந்து வரும் குறியீட்டு எண்ணை மட்டும் சொல்லுங்கள்" என்கிறார்கள். எங்கள் குழுவில் ஒரு அக்காவின் சேமிப்புக் கணக்கு அப்படித்தான் காலியானது. பணத்தைப் பெறுவதற்குக் கணக்கு எண் போதும், எந்தக் குறியீடும் தேவையில்லை. தவறிச் சொல்லிவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் உங்கள் வங்கியை அல்லது தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணை அழையுங்கள்.

கிளப்புக்கு உதவ விரும்புகிறவர்கள் தாராளமாக உதவுங்கள். ஆனால் முதலில் பணத்தை உங்கள் கைக்கு வாங்கிவிடுங்கள். பிறகு கிளப் அலுவலகத்தில் நேரில் கட்டி, கிளப்பின் முத்திரை வைத்த ரசீது வாங்குங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

பெரியவரின் மனுவும் இப்போது தீர்ப்பாயத்தில் இருக்கிறது. நன்கொடை வட்டத்தில் முன்கூட்டியே புள்ளி வைத்திருந்ததுதான் அதன் முக்கிய வாதம். அதே படிவம் உங்களுக்கும் வந்திருந்து, நீங்கள் எதையும் அழுத்தாமலேயே "நன்கொடைக்கு நன்றி" என்று மின்னஞ்சல் வந்திருந்தால், அதை அழித்துவிடாதீர்கள். விசாரணைக்கு முன் அப்படிப்பட்ட மின்னஞ்சல்களைத் திரட்டிக்கொண்டிருக்கிறோம். எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.