ஜிப்ரால்டரில் பருந்து பார்க்க விண்டி ஆப் போதுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேசுவது காற்று, வானிலை முன்னறிவிப்பை மேப்பில் காட்டும் விண்டி.காம் பற்றி. கிட்டத்தட்ட அதே பெயரில் இன்னொரு ஆப்பும் இருக்கிறது, குழப்பிக்கொள்ள வேண்டாம். இது 2014-ல் செக் நாட்டில் தொடங்கியது. பாராகிளைடிங் ஆட்கள், பாய்மரப் படகுக்காரர்கள் எல்லாம் இதை வைத்துத்தான் நாளைத் திட்டமிடுகிறார்கள். ஸ்பெயினுக்கும் மொராக்கோவுக்கும் இடையே உள்ள ஜிப்ரால்டர் நீரிணையில் பறவைகளின் வலசை பார்க்கப் போகிறவர்களுக்கு இது எவ்வளவு தூரம் உதவும் என்பதை மட்டும் பார்ப்போம்.

நீரிணையின் மிகக் குறுகிய இடம் சுமார் 14 கிலோமீட்டர். எதிர்க்கரையில் மொராக்கோ மலை கண்ணுக்குத் தெரியும். ஆனாலும் செங்கால் நாரை, பாறு மாதிரி பெரிய இறக்கைக்காரர்களுக்கு அது லேசான தூரம் இல்லை, ஏனென்றால் தரையில் சூடேறி மேலெழும் காற்று கடல் மேல் கிடைக்காது. கரையிலேயே வட்டமடித்து உயரம் சேர்த்துக்கொண்டு, அதைச் செலவழித்தபடி சறுக்கித்தான் அக்கரை போக வேண்டும். ஒரு மீட்டர் இறங்கி 15 மீட்டர் முன்னேறும் பறவை என்று வைத்துக்கொண்டால், காற்றே இல்லாத நாளில் 950 மீட்டர் உயரம் போதும். பக்கக் காற்று மணிக்கு 40 கிலோமீட்டர், பறவையின் வேகம் 54 என்றால்? நேராகப் போக அது காற்றை எதிர்த்துச் சாய்ந்து பறக்க வேண்டும், கால் மணி நேரப் பயணம் 23 நிமிடம் ஆகும், தேவைப்படும் உயரம் 1,400 மீட்டர் பக்கம் போய்விடும். சாயாமல் விட்டால் 10 கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போகும், கிழக்குக் காற்றில் என்றால் அது அட்லாண்டிக் பக்கம். சும்மா ஒரு கணக்குதான், ஆனால் காற்று பலமாக அடிக்கும்போது ஏன் நூற்றுக்கணக்கில் கரையிலேயே உட்கார்ந்துவிடுகின்றன என்பதற்கு இது போதும். தேன்பருந்துக்கு இறக்கை அடித்துப் பறக்கிற தெம்பு கொஞ்சம் அதிகம், அது ஓரளவு துணியும். கிரிஃபன் பாறுகள் பாவம், கடலில் விழுந்து மூழ்குவதும் உண்டு.

இப்போது ஆப்புக்கு வருவோம். இரு கரையிலும் மலை இருப்பதால் இங்கே காற்று பெரும்பாலும் கிழக்கு, இல்லாவிட்டால் மேற்கு. உள்ளூரில் கிழக்குக் காற்றை லெவான்தே, மேற்குக் காற்றைப் பொனியெந்தே என்பார்கள். எது, எப்போது மாறும் என்பதை விண்டி நன்றாகவே காட்டுகிறது. பறவை பார்ப்பவருக்கு அதுதான் பாதி வேலை. மேற்குக் காற்று என்றால் பறவைகள் கிழக்கே ஒதுங்கும், அல்ஹெசீராஸ் பக்கத்து அல்கரோபோ முனையிலோ ஜிப்ரால்டர் பாறையிலோ போய் நிற்கலாம். மிதமான கிழக்குக் காற்று என்றால் தரீஃபா ஊர்ப் பக்கம் கசாயா என்ற பறவை பார்க்கும் இடம். எங்கே நிற்பது என்று இரவே முடிவு செய்துவிட்டுத் தூங்கலாம், அது பெரிய நிம்மதி.

பலர் கவனிக்காத வசதி ஒன்று உண்டு: உயரம் மாற்றும் பட்டை. திறந்தவுடன் தெரிவது தரையோரக் காற்று, அது தரீஃபாவில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு அலையில் சறுக்குகிறவர்களுக்கு உதவும். பருந்து கடப்பதோ பல நூறு மீட்டர் மேலே. 600, 750, 900 மீட்டர் மூன்றையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். கீழே அமைதி, மேலே நல்ல இழுப்பு என்ற நாளும் வரும், அன்று தரைக் காற்றை நம்பிப் போனால் ஏமாற்றம்தான். தெர்மல், அதாவது சூடேறி மேலெழும் அந்தக் காற்றைக் காட்டும் அடுக்கும் இருக்கிறது, காலையில் பறவைகள் எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று ஊகிக்க உதவும்.

காற்றின் வேக எண்ணை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். இது ஆப்பின் குற்றம் இல்லை, வானிலையைக் கணிக்கும் கணினி மாடலின் எல்லை. ஐரோப்பிய மாடல் உலகத்தைச் சுமார் 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது, அமெரிக்க ஜிஎஃப்எஸ் 22. நீரிணையே 14 தான்! ஜிஎஃப்எஸ் கண்ணுக்கு அது ஒரு கட்டம்கூட இல்லை. மலை இடுக்கில் காற்று நெருக்கப்பட்டு வேகம் எடுப்பதை இவ்வளவு பெரிய கட்டம் சரியாகப் பிடிக்காது, பெரும்பாலும் குறைத்துத்தான் காட்டும். அதனால் ஜிஎஃப்எஸ்ஸை விட்டுவிட்டு ஐரோப்பிய மாடலையும், சுமார் 7 கிலோமீட்டர் கட்டம் உள்ள ஐகான் ஈயூ மாடலையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் சரி. இல்லையென்றால் மேப்பில் இருக்கும் வெப்கேம்களில் ஒன்றைத் திறந்து பாருங்கள், ஜிப்ரால்டர் பாறை உச்சியில் கொடி மாதிரி மேகம் ஒட்டிக்கொண்டிருந்தால் லெவான்தே வந்துவிட்டது.

காசு கட்டலாமா? இலவசத்தில் முன்னறிவிப்பு 3 மணி நேரத்துக்கு ஒன்று, பணம் கட்டினால் மணிக்கு ஒன்று. ஆகஸ்டில் கரும்பருந்துகள் கூட்டம் கூட்டமாகக் கரையில் காத்திருக்கும்போது, லெவான்தே தளர்கிற அந்த மணி நேரத்தில் மொத்தமும் கிளம்பிவிடும், அதைப் பிடிக்க இந்த வித்தியாசம் முக்கியம். வாரக்கணக்கில் தங்கிப் பார்க்கிறவர்கள் கட்டலாம். ஒரு நாள் எட்டிப் பார்ப்பவருக்கு இலவசமே தாராளம். 5-க்கு 4 தருவேன், பிடித்துக்கொண்ட அந்த ஒன்று வேக எண்ணுக்காக.