ஏஎஸ் 9100-க்கு ரெடிமேட் டிசைன் புரொசீஜர் விக்கிறாங்க, உசாரா இருங்க

குறிச்சி, கணபதி, அரசூர் பக்கம் சிஎன்சி மெஷின் ஓட்டிட்டு, ஏஎஸ் 9100-ங்கற ஏரோஸ்பேஸ் தரச் சான்று வாங்கி ஆர்டர் புடிக்கலாம்னு இருக்கறவங்க இதப் படிச்சுப்போட்டு அப்பறம் அட்வான்ஸ் குடுங்க. டிபென்ஸ் காரிடார்ல கோயமுத்தூர் பேரு வந்ததுல இருந்து தடுக்கி விழுந்தா ஒரு கன்சல்டன்ட்டு.

எங்க பட்டறையில கஸ்டமர் டிராயிங் குடுப்பாங்க, அதுப்படி அலுமினிய பார்ட்டு ஓட்டி இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டோட அனுப்புவோம், அவ்வளவுதான். கன்சல்டன்ட்டா வந்த மனுசன் எங்க மொதலாளிகிட்ட, "அண்ணா, நீங்களே பிக்ஸ்சர் (பார்ட்ட புடிச்சு வெக்கற சாதனம்) டிசைன் பண்றீங்கல்லங்க, அப்ப டிசைன் பத்தின 8.3 பிரிவு கட்டாயம் வேணுமுங்க, இல்லீனா ஆடிட்ல மேஜர் (பெரிய குறை) விழுந்துருமுங்க"ன்னு பயமுறுத்தி, டிசைன் அண்ட் டெவலப்மென்ட் புரொசீஜருக்குன்னு தனியா ஒரு தொகை, அதுல பாதி முன்பணம். சான்று எந்தெந்த வேலைக்குன்னு சொல்ற ஸ்கோப்லயும் 'டிசைன்'னு சேத்துப்போட்டாரு.

உண்மையான விசயம் என்னன்னா, 8.3 நாம கஸ்டமருக்கு விக்கிற பொருளோட டிசைனுக்குத்தான். சொந்த உபயோகத்துக்குப் பண்ற பிக்ஸ்சர், டூலிங், சிஎன்சி புரோகிராம் இதெல்லாம் 8.5.1.1-ல வருது. டிராயிங் கஸ்டமரோடதா இருந்தா 8.3 எங்களுக்குப் பொருந்தாதுன்னு 4.3-ல ஸ்கோப் எழுதறப்பவே காரணத்தோட சொல்லிரலாம், ஸ்டாண்டர்டே அதுக்கு எடம் குடுக்குது. இது தெரியாம ஒருத்தரு கன்சல்டன்ட்டா இருக்க முடியுமாங்க? தெரிஞ்சேதான் பண்ணிருக்காரு.

பைலு வந்துச்சு. தொறந்து பாத்தா டிசைன் இன்புட் பக்கத்துல ஹெட், டிஸ்சார்ஜ், இம்பெல்லர் விட்டம்! நம்மூர் பம்பு கம்பெனி எதுக்கோ எழுதுனத பேரு மட்டும் மாத்திப்போட்டு குடுத்துருக்காரு, மோனோபிளாக்குங்கற பம்பு வார்த்தையக் கூட அழிக்கல. அது எல்லாத் தொழிலுக்கும் பொதுவான வெறும் ஐஎஸ்ஓ 9001 சரக்கு. ஏஎஸ் 9100 ரெவ் டி-ல அதுக்கு மேல கேக்கறது ஒண்ணுமே அந்த பைல்ல இல்ல: கிரிட்டிக்கல் ஐட்டம், கீ கேரக்டரிஸ்டிக் (ரொம்ப கவனிக்க வேண்டிய பார்ட்டு, அளவு) அவுட்புட்ல குறிக்கணும், டெஸ்ட் பண்ணா பிளான்ல எந்தப் பொருள், என்ன கண்டிஷன், எத ரெக்கார்டு பண்றது, எது வரைக்கும் பாஸ்னு இருக்கணும், கஸ்டமர் கேட்டத பாதிக்கற மாதிரி டிசைன மாத்தறதுக்கு முன்னாடி அவங்களுக்குச் சொல்றதுக்கு ஒரு வழிமுறை வேணும். எதுவும் கிடையாது.

ஸ்டேஜ் 1-ல, அதாவது மொதல் கட்ட ஆடிட்ல, ஆடிட்டர் கேட்டது ஒரே கேள்விதான், "ஸ்கோப்ல டிசைன்னு போட்டுருக்கீங்க, ஏதாவது ஒரு பிராஜெக்ட் எடுங்க, பிளான், இன்புட், ரிவ்யூ, வெரிபிகேஷன், வேலிடேஷன் காட்டுங்க". எங்க போய் காட்டறது? கன்சல்டன்ட்டு அன்னைக்குன்னு பாத்து ஒறம்பரை கல்யாணத்துக்குப் போய்ட்டாரு. அப்பறம் ஸ்கோப்ப திருத்தி, டிசைன எடுத்து, மேனுவல மறுபடி எழுதுனது எல்லாம் நாங்களேதான்.

இதோட விட்டாரான்னா இல்ல. "சர்டிபிகேட் குடுக்கற வேற ஒரு பாடி இருக்குதுங்க, ஆடிட்டே சும்மா பேருக்குத்தான், நானே சர்டிபிகேட் வாங்கித் தர்றேனுங்க"ன்னாரு. இந்த மாதிரி யாராவது சொன்னா ஐஏக்யூஜி-ங்கற சர்வதேச ஏரோஸ்பேஸ் தர அமைப்போட ஒயாசிஸ் டேட்டாபேஸ்ல அந்த பாடி இருக்குதான்னு மொதல்ல பாருங்க. அங்க பேரு ஏறாத ஏஎஸ் 9100 சர்டிபிகேட்ட ஏரோஸ்பேஸ் கஸ்டமருங்க பொதுவா ஒத்துக்க மாட்டாங்க. இன்னொண்ணு, சர்டிபிகேட் குடுக்கற பாடியே கன்சல்டிங்கும் பண்ணக்கூடாது, இந்த பாடிகளுக்கான ஐஎஸ்ஓ 17021-1 ஸ்டாண்டர்டுல தெளிவா இருக்குது.

நெசமாவே டிசைன் பண்றவங்களா இருந்தா, ஏற்கனவே முடிச்ச ஒரு வேலைய கன்சல்டன்ட்டு முன்னாடி வெச்சு இதுக்கு 8.3.2-ல இருந்து 8.3.6 வரைக்கும் ரெக்கார்டு எப்படி வரும்னு வெள்ளைத் தாள்ல எழுதிக் காட்டச் சொல்லுங்க. எழுதத் தெரிஞ்சா பேசுங்க. பணத்த ஒவ்வொரு கட்டமா குடுங்க, ஸ்டேஜ் 2 ஆடிட் கண்டுபுடிப்பெல்லாம் குளோஸ் ஆன பொறவு கடைசி பாக்கி.

பேரு இங்க போடல. மீதிப் பணம் கேட்டு இன்னும் போன் பண்ணிட்டுத்தான் இருக்காரு, மொதலாளி அண்ணா அந்த பம்பு பைல பிரின்ட் போட்டு டேபிள் மேல வெச்சுருக்காரு, நேர்ல வந்து வாங்கிக்கங்கன்னு சொல்லிருக்காரு.