வி-கிராஸில் பெரிய டயர், வெளி அலாய்: இரண்டு வருஷம் ஓட்டிய பிறகு

போன வாரம் முன்பக்க இடது வீல் பேரிங் மாற்றினேன். அன்றைக்கு ராத்திரியே அக்கா மகன் போன் பண்ணினான். அவனும் இப்போது என்னைப் போலவே இசுசு வி-கிராஸ் பிக்கப் எடுத்திருக்கிறான். "மாமா, ஒங்க வண்டி மாதிரியே டயரு, அலாயி எல்லாம் போட்டுரவா? கடைல இப்ப வெல கொறச்சிருக்காங்க." பேரிங் செலவு செய்த எரிச்சலில் "வேணாம்டா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது முழுப் பதில் இல்லை. மீதிப் பதில்தான் இது.

கம்பெனி டயர் 255/60 ஆர்18, அதாவது அகலம் 255 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 60 சதவீதம், ரிம் 18 இன்ச். மீட்டர் 38,000 காட்டும்போது முன்பக்க சஸ்பென்ஷனில் ஸ்பேசர் (உயரம் கூட்டுகிற கட்டை) வைத்து இரண்டு இன்ச் தூக்கி, வண்டியின் மூக்கையும் முதுகையும் சமமாக்கினேன். கூடவே 17 இன்ச் அலாய், 9 இன்ச் அகலம், ஆஃப்செட் (ரிம்மை வண்டியில் பிடிக்கிற தட்டு ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது) மைனஸ் 12 மில்லிமீட்டர். அதில் 265/70 ஆர்17 ஏ.டி. டயர், ரோடு, காடு இரண்டுக்குமான 'ஆல் டெரெய்ன்' வகை. கணக்குப் போட்டால் டயரின் உயரம் 763 மில்லிமீட்டரிலிருந்து 803 ஆகிறது. ஆனால் பின் ஆக்சிலுக்கு அடியில் கூடுவது அதில் பாதி, வெறும் 20 மில்லிமீட்டர்தான். பார்க்க மலை மாதிரி நிற்பதால் நிறையக் கூடிவிட்டதாகத் தோன்றும்.

முதலில் டயரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதற்கு அந்த மரியாதை உண்டு. எங்கள் காடு டி.கல்லுப்பட்டி தாண்டிக் கரிசலில் இருக்கிறது. தார் ரோட்டை விட்டு இறங்கினால் கண்மாய்க் கரைமேல் வண்டிப்பாதை, இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். விறகுக்கு வெட்டுகிறவர்கள் கழித்த முள்ளைப் பாதையிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். பழைய டயரில் மாசம் ஒரு பஞ்சர் நிச்சயம். ஒரு சித்திரையில் ஒரே நாளில் இரண்டு. ஸ்டெப்னியும் போய், உச்சி வெயிலில் பக்கத்துக் காட்டுக்காரரின் டி.வி.எஸ். 50-ல் டயரைக் கட்டிக் கல்லுப்பட்டிக்குக் கொண்டுபோனேன்.

இந்த டயர் போட்டு மீட்டரில் 23,000 கிலோமீட்டர் ஆகிறது. முள் பஞ்சர் ஒன்றுகூட இல்லை. போன பங்குனியில் ஒருநாள் பின் டயரில் கறுப்பாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. இடுக்கி வைத்துப் பிடுங்கினால் அரை விரல் நீள முள். மனசு திக்கென்றது. ஓட்டையில் எச்சில் தடவிக் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு குமிழி வரவில்லை. ரப்பர் கட்டையோடு நின்றுவிட்டது. அந்த முள்ளை டேஷ்போர்டில்தான் வைத்திருக்கிறேன்.

இனி வயிற்றெரிச்சல். உரசல்.

ஸ்டீயரிங்கை முழுசாக இடது பக்கம் ஒடித்து ரிவர்ஸ் எடுத்தால் 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். வீடு இருப்பது திருமங்கலத்தில் ஒரு குறுகலான தெருவில். காலையில் வெளியே எடுக்க ஒரு தடவை, ராத்திரி உள்ளே விட ஒரு தடவை, இரண்டு வருஷமாக தினம் கேட்கிறேன். டார்ச் அடித்துப் பார்த்தால் மட்கார்டுக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரில் அரை நிலா வடிவத்துக்குத் தேய்ந்து பளபளவென்று இருக்கிறது, கிளிப் இரண்டு பிய்ந்து போயிருக்கிறது. மழைக்காலத்தில் இன்னும் மோசம். ஈரக் கரிசல் எந்த டயரிலும் அப்பும். இதில் டயருக்கும் லைனருக்கும் நடுவே இருப்பது ஒரு விரல் இடம்தான். அங்கே மண் அடைந்து காய்ந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி லைனரை அரித்துவிடும்.

டயர் பெரிசு, அதனால் உரசுகிறது என்றுதான் நானும் நினைத்தேன். காரணம் பெரும்பகுதி அது இல்லை, ஆஃப்செட். கம்பெனி ரிம்மில் டயர் உள்ளடங்கி நிற்கும். மைனஸ் ஆஃப்செட் ரிம் டயரை வெளியே தள்ளி நிறுத்துகிறது. அப்படித் தள்ளி நிற்கிற டயர், ஸ்டீயரிங் ஒடிக்கும்போது நின்ற இடத்திலேயே திரும்பாது, பெரிய வட்டமடித்து முன்னால் பம்பர் பக்கமும் பின்னால் கதவுப் பக்கமும் போய் இடிக்கும். இதே உயர டயரைக் கம்பெனி ரிம் அளவுக்கு உள்ளடங்கி நிறுத்தியிருந்தால் பாதிப் பிரச்சினை வந்திருக்காது. "ஸ்பேசர் போட்டாச்சு, எல்லாம் சரியாயிரும்" என்று கடையில் சொன்னார்கள். ஸ்பேசர் வண்டி நிற்கும் உயரத்தைத்தான் கூட்டும். பள்ளத்தில் விழுந்து சஸ்பென்ஷன் முழுசாக அமுங்கும்போது சக்கரம் பழையபடி அதே உயரத்துக்கு மேலே ஏறும். வேகத்தடையில் ஏறி இறங்கிக்கொண்டே திரும்பினால் இன்றைக்கும் உரசுகிறது.

பேரிங்கும் இதோடு சேர்ந்ததுதான் என்றார் மெக்கானிக். "ரிம்மு வெளிய நிக்குதுண்ணே, பாரம் பூரா ஓரத்துல விழுகுது." 61,000 ஓடிய பேரிங், கண்மாய்த் தண்ணீரில் இறங்கிய வண்டி, தானாகவும் போயிருக்கலாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெளியே தள்ளிய சக்கரம் அதற்கு நல்லது செய்திருக்காது.

மற்றவை சுருக்கமாக. மீட்டர் இப்போது 5 சதவீதம் குறைத்துக் காட்டுகிறது. அதைச் சேர்த்துப் பார்த்தால் மைலேஜ் 12.4-லிருந்து 11.1. ஸ்டெப்னி பழைய அளவு, அதை மாட்டிக்கொண்டு ஃபோர் வீல் போடக்கூடாது. புது ரிம் போட்டு 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும், எனக்கு யாரும் சொல்லவில்லை.

மூக்கைத் தூக்கியதில் இன்னொன்றும் இருக்கிறது. பிக்கப்பின் பின்பக்கம் காலியாக இருக்கும்போது உயர்ந்து நிற்பது பாரம் ஏற்றினால் சமமாவதற்குத்தான். அதை முன்கூட்டியே சமமாக்கிவிட்டு, நாலு மூடை டி.ஏ.பி.யும் ஒரு மோட்டாரும் ஏற்றி ராத்திரி வந்தபோது ஹெட்லைட் புளியமரக் கிளையில் அடித்தது. எதிரே சைக்கிளில் வந்த பெரியவர் கண்ணை மறைத்துக்கொண்டு இறங்கி ஓரமாக நின்றுவிட்டார். மறுநாளே லைட்டை இறக்கி வைத்தேன். சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. இதையெல்லாம் நான் ரிம் வாங்குவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டும்.

மருமகனே, உனக்குச் சொல்வது இதுதான். ஸ்பேசர் வேண்டாம், அலாய் வேண்டாம். கம்பெனி டயர் தேயட்டும். தேய்ந்ததும் அதே 18 இன்ச் ரிம்மில் 265/60 ஆர்18 ஏ.டி. போடு, அது கம்பெனி டயரைவிட 12 மில்லிமீட்டர்தான் உயரம் கூட. அவர்கள் காட்டுகிற மைனஸ் ஆஃப்செட் ரிம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காதே.

என் பழைய ரிம் நாலும் மோட்டார் ரூமில் சாக்குப் போர்த்திக் கிடக்கின்றன. 17 இன்ச் டயர் அதில் ஏறாது, ரிம்மை மாற்ற வேண்டுமென்றால் இந்த டயரையும் விட வேண்டும். டிரெட் இன்னும் 7 மில்லிமீட்டர் இருக்கிறது. பேரிங் மாற்றிய மறுநாள் காலையில் கண்மாய்க் கரையில் புதிதாக வெட்டிய முள் பாதை முழுக்கக் கிடந்தது. நிறுத்தாமல் ஏறிப் போனேன். யார் கேட்டாலும் இந்த டயரைக் கழற்ற மாட்டேன்.